அத்தான் வாங்கி வந்த தூண்டில்

பாஸ் என்ற மீன் எங்கள் பக்கத்துக் குளம் எதிலும் கிடையாது. அது அமெரிக்காவில் இருக்கிறதாம். தொப்பி போட்ட ஆட்கள் படகில் போய் அதைப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். இத்தனையும் எனக்குச் சொன்னவர் என் அக்காவின் வீட்டுக்காரர். பெங்களூரில் வேலை. எந்தக் குளத்திலும் கால் நனைத்தவர் இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தினமும் பாஸ் வீடியோ பார்ப்பார் என்று அக்கா பெருமையாகச் சொல்வாள்.

எங்கள் குளத்தில் இருப்பது விரால். நான் தென்காசியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஜாக்கெட் தைக்க ஆள் வராத மாதங்களில், வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர் பக்கம் போவேன். அங்கே ஒரு தாமரைக் குளம் உண்டு. அதைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரின் வீட்டுக்கு நான்தான் துணி தைக்கிறேன் என்பதால், தூண்டிலில் விரால் மட்டும் பிடித்துக்கொள்ள விட்டார். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. ஒரு பெண் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று பேசியவர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள்.

துணியைப் பார்த்துத்தான் ஊசியும் நூலும் எடுக்க வேண்டும். ஜீன்ஸை ஜார்ஜெட்டுக்குப் போடும் நூலால் தைத்துக் கொடுத்தால் உட்காரும்போதே பிரிந்துவிடும். தாமரைக் குளமும் அப்படித்தான். என்னுடைய தூண்டில் கம்பு, அதாவது ராடு, விறைப்பானது, அழகெல்லாம் கிடையாது. லைன் பின்னல் நூல், தடியானது, நல்ல மஞ்சள் நிறம். இரையாகப் போடுவது ஒரு ரப்பர் தவளை. அதன் இரண்டு தூண்டில் முள்ளும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இலைமேல் இழுத்தால் எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். இலைக்கு இலை தாவவிட்டு, நடுவே தண்ணீர் தெரிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடித்ததும் பதறி இழுத்துவிடக் கூடாது. விரால் வாயை மூடித் திரும்பட்டும். பிறகு ராடை ஒரே வெட்டாக வெட்டி இழுத்து, மீனின் தலையைத் தூக்கி, இலைகளின் மேலேயே கரைக்குச் சறுக்கிக் கொண்டுவந்துவிட வேண்டும். அதோடு விளையாடிக்கொண்டு நிற்கிற வேலையே கூடாது. உள்ளே போகவிட்டால் தண்டுகளைச் சுற்றிவிடும்.

சுற்றினால் என்ன என்று கேட்பார்கள். விரால் மேலே வந்து வாயால் காற்று குடித்துப் போகிற மீன். லைனில் சிக்கி அடியிலேயே கட்டுண்டு கிடந்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். என் தடி ராடும் தடி நூலும் இதற்காகத்தான். ஆசைக்காக மீன் பிடிக்கிறவளுக்கு இந்த அளவு யோசனையாவது வேண்டாமா?

போன வருஷம் குற்றாலச் சாரலுக்கு அக்காவும் அத்தானும் காரில் வந்து இறங்கினார்கள். எனக்கென்று ஒரு நீளப் பெட்டி. திறந்தால் ரோஸ் நிறத்தில் ஒரு ராடு, புளியம்விளார் மாதிரி வளைகிறது. கூடவே லைனைச் சுற்றுகிற சின்ன ரீல், கண்ணுக்கே தெரியாத மெல்லிய லைன், வெள்ளி மாதிரி பளபளக்கும் ஒரு பொம்மை மீன். பொம்மையின் வயிற்றிலும் வாலிலும் மும்முள் கொத்துகள் தொங்கின.

“லேடீஸ் மாடல். வெயிட்டே கிடையாது. உன் ராடைப் பாத்தேன், உலக்கை மாதிரி இருக்கு. டெக்னிக் தெரிஞ்சவன் மெல்லிசு லைன்லதான் பிடிப்பான். மீனுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்லா” என்றார் அத்தான்.

“ரொம்ப நல்லாருக்கு அத்தான். ஆனா இது தாமரைக்குள்ள ஆகாது” என்றேன்.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். “ஏட்டி, அத்தான் ஆசையா வாங்கிட்டு வந்திருக்காங்க. ஆகாது போகாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுதியே. அவுக ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது அவுக முன்னால அதுல மீன் பிடிச்சுக் காமி.”

இந்த வழக்கத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இருக்க மாட்டார்கள். என் கடையில் பாதி அவசரம் இதனால் வருவதுதான். நாத்தனார் எடுத்துக் கொடுத்த சேலை, சித்தி எடுத்துக் கொடுத்த சேலை. கொடுத்தவர் நாளைக்கு ரயிலேறுகிறார், அதற்குள் உடுத்திக் காட்ட வேண்டும், இன்றைக்கே ஜாக்கெட் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். நிறம் பொருந்துகிறதா, பிடிக்கிறதா என்றெல்லாம் பேச்சே கிடையாது. சேலை என்றால் அதோடு போய்விடும். உடுத்திக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடலாம். தூண்டிலின் மறுமுனையில் ஒரு உயிர் இருக்கிறது என்பதை நான் அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன்?

மறுநாள் காலையில் குளத்துக்கு அக்காவும் அத்தானும் காரில் வந்தார்கள், நான் ஸ்கூட்டியில் போனேன். என் ராடையும் கையோடு எடுத்துக்கொண்டேன். சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கரையோரம் தாமரை விலகியிருந்த ஒரு இடத்தில் தண்ணீர் சிவப்பாகப் பொங்கி அடங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, என்னது அது? குங்குமத்தைக் கொட்டுன மாதிரி இருக்கு!” என்று போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

“விரால் குஞ்சுக்கா. மொத்தமா மேல வந்து காத்து குடிச்சிட்டுப் போகும். தாய் கீழயே காவல் நிக்கும். அங்கன மட்டும் போட வேண்டாம் அத்தான். அந்தப் பக்கம் போவோம்” என்றேன்.

எந்த மனுஷனும் இதற்கு, சரி, அந்தப் பக்கம் போவோம் என்றுதான் சொல்லுவான். அத்தானின் முகம் மலர்ந்தது.

“அப்ப மீன் அங்கதான் இருக்குன்னு கன்ஃபார்ம். பாஸையும் இப்படித்தான் அடிப்பாங்க. குஞ்சு காக்கும்போது கோவத்துல வந்து கடிச்சிரும். குடு இங்கே, காட்டுதேன்” என்று என் கையிலிருந்து ரோஸ் ராடை வாங்கிக்கொண்டார். வாங்கியது என்ன, பிடுங்கிக்கொண்டார்.

“வேண்டாம் அத்தான்” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொம்மை குஞ்சுகளுக்கு நடுவில் போய் விழுந்தது. இழுத்த உடனே தண்ணீர் வெடித்தது. பெரிய விரால். ராடு வட்டமாக வளைந்தது, ரீல் கீச்சென்று கத்தியது, அத்தானும் கத்தினார். அக்கா போனை அவர் பக்கம் திருப்பினாள். அவர் வீடியோவில் பார்த்தபடியே ராடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீனை ஓடவிட்டார். அது நேரே தாமரைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் லைன் அசையவில்லை. நாலைந்து தடவை சுண்டிப் பார்த்தார், அலுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து சின்னக் கட்டரை எடுத்தார்.

“வெட்டாதீங்க! தண்டுல சுத்திக் கிடக்கு. லைனைப் பிடிச்சுக்கிட்டே நான் உள்ள இறங்கி எடுத்துருதேன். அது மேல வந்து காத்து குடிக்காட்டி செத்துப்போகும்.”

அவர் சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “கேட்டியா? மீன் தண்ணிக்குள்ள மூச்சுமுட்டிச் சாகுமாம்!” வெட்டிவிட்டார். “போனாப் போகுது. ஜெயிச்சிட்டுப் போகட்டும். கெளம்புங்க, கூட்டம் வாறதுக்குள்ள ஐந்தருவிக்குப் போயிருவோம்.”

நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்றேன். அக்கா, “ஒரு மீனுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதா” என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்தினாள்.

சுடிதாரோடு குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு. என் மஞ்சள் நூலாக இருந்தால் கையால் பிடித்துக்கொண்டே போய் மீனைத் தொட்டிருப்பேன். இவர் வாங்கி வந்தது மீன் கண்ணுக்கே தெரியாத லைன், பெட்டியிலேயே அப்படிப் போட்டிருந்தது. என் கண்ணுக்கும் தெரியவில்லை. தாமரைத் தண்டில் பொடி முள் உண்டு. கையும் முழங்காலும் கீறி எரிந்தன. அந்த எரிச்சலில் அத்தானை நான் திட்டிய திட்டை எழுதினால் அச்சில் வராது. கரையில் ஆள் இல்லை என்பதால் உரக்கவே திட்டினேன்.

எங்கே தேடுவது என்று தெரியாமல் நின்றபோது குஞ்சுகள் மேலே வந்தன. தாய் நகர நகரக் கூடவே நகர்கிற கூட்டம் அது. ஒரே இடத்தில் நிற்காது. அன்று ஒரே தாமரை இலைக்குப் பக்கத்தில் பொங்கின, உள்ளே போயின, திரும்ப அதே இடத்தில் பொங்கின. அவை வந்து காற்று குடித்துப் போகின்றன, கீழே கிடக்கும் தாயால் வர முடியவில்லை. தண்டுகளைப் பிடித்துப் பிடித்து அங்கே போனேன்.

கையை விட்டுத் துழாவியபோது பாசியும் தண்டும் லைனுமாக ஒரு முடிச்சு அகப்பட்டது, அதற்குள் மீனின் முதுகு. தண்டுகளை முறித்து அள்ளித் தூக்கினேன். ஒரு முள் கொத்து மேல்தாடையிலும் இன்னொன்று செவுளிலுமாக வாயைச் சேர்த்துப் பூட்டியிருந்தன. தலையை மேலே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். முள்ளைக் கழற்றி, வாயைத் திறந்தும் பிடித்துப் பார்த்தேன். சேற்றில் கிடந்து, வெயிலில் கிடந்து, சந்தையில் கூடைக்குள் கிடந்தும் சாகாத சாதி அது. செத்திருந்தது.

செத்த மீனைக் குளத்திலேயே மிதக்கவிட்டு வர மனம் வரவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் வம்பாகப் போயிற்று. அம்மா அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக அரிவாள்மனையைத் தேடினாள். அதற்குள் அத்தான் அருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்து சேர்ந்தார்.

“பாத்தியா, பாத்தியா! நான் பிடிச்ச மீனு! மெல்லிசு லைன்ல பிடிக்க முடியாதுன்னியே!”

ஒரு கையில் மீன், ஒரு கையில் ரோஸ் ராடு. அக்கா போட்டோ எடுத்தாள். குடும்ப குரூப்பில் உடனே போட்டாகிவிட்டது. சித்தப்பாவிலிருந்து துபாயில் இருக்கிற மச்சான்வரை எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் ஈரத் துணியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஏன் இத்தனை கீறல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் இலை போட்டார்கள். மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு. அவர் சாப்பிட்டுக்கொண்டே, நான் சொன்னதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். மீன் தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் சாகுமாம் என்று சொல்லும்போது என் குரல் மாதிரியே பேசிக் காட்டினார். அம்மாகூடச் சிரித்தாள். என் இலையில் துண்டு அப்படியே கிடந்தது.

“ஏன் திங்காம வச்சிருக்கே?” என்று கேட்டார்.

“இது நீங்க பிடிச்ச மீன் இல்ல அத்தான். நீங்க கட்டிப்போட்டுக் கொன்ன மீன். அது செத்த பெறகுதான் நான் எடுத்துட்டு வந்தேன். மூச்சு முட்டித்தான் செத்துச்சு. இப்ப இன்னொரு தடவ சிரிங்க.”

அத்தான் இலையை மடக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பிவிட்டாயே பாவி என்று அம்மா அழ ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேள் என்றாள். எதற்குக் கேட்க வேண்டும்? நாலு நாள் இருக்க வந்தவர்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். ரோஸ் ராடை இங்கேயே விட்டுப் போனார்கள். அதை அம்மாவின் அவரைக்கொடிக்குக் கொம்பாக ஊன்றிவிட்டேன். அந்த வேலைக்கு அது நன்றாகவே ஆகிறது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் குளத்துக்குப் போனேன். தூண்டில் எடுத்துப் போகவில்லை. விராலில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குஞ்சு காக்கும் என்பார்கள். அந்த இன்னொன்று என்ன ஆயிற்றோ, என் கண்ணில் படவில்லை. குஞ்சுகள் அந்த இலைப் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஜிலேபிக் கெண்டைகள் கீழிருந்து தின்றன, நீர்க்காகம் மேலிருந்து தின்றது. நான் கல்லெறிந்து விரட்டினேன். எவ்வளவு நேரம்தான் கல்லெறிவது? நான் கடைக்குப் போக வேண்டாமா? சிவப்பு நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு காலையில் எவ்வளவு நேரம் நின்றும் தண்ணீரில் ஒன்றும் பொங்கவில்லை.

இந்தச் சாரல் தொடங்கியதும் அக்கா போன் செய்தாள்.

“அத்தானுக்கு இன்னும் மனசு ஆறல. நீ ஒரு வார்த்தை ஸாரி சொன்னா குத்தாலத்துக்குக் கெளம்பி வந்துருவாங்க. ஏட்டி, ஒரே ஒரு மீனுக்காக யாராச்சும் சொந்தத்தைப் பகைப்பாங்களா?”

“ஒரு மீன் இல்லக்கா.”

“பின்ன எத்தனையாம்?”

“குங்குமம் மாதிரின்னு நீ எடுத்த வீடியோ போன்ல கெடக்கும்லா. எண்ணிப் பாரு.”