உள்ளிருப்பவருக்கான பூட்டு

எழுபதுகளில் மயிலாப்பூரில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் திருடு போனதும், தர முத்திரை பதித்த கதவுப் பூட்டு வாங்கிப் பொருத்தினேன். உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். தனியாக இருக்கும்போது மனைவி பூட்டிக்கொண்டு, சாவியை அடுக்களை ஆணியில் மாட்டுவாள். மற்றொரு சாவியை நான் பத்திரமாக ஆபீஸ் பீரோவில் வைத்திருந்தேன்.

ஒரு மாலை வீடு திரும்பினால் கதவிடுக்கில் புகை. ஸ்டவ் வெடித்திருந்தது.

"ஏன்னா, சாவி அடுக்களைல இருக்கு. அங்கதான் எரியறது," என்று மனைவி உள்ளிருந்து இருமிக்கொண்டே கத்தினாள்.

பக்கத்துவீட்டு மெக்கானிக் கடப்பாரையால் நெம்பினார். "பூட்டு அசைய மாட்டேன்னுது சார். கதவையே ஒடைச்சிடலாம்."

பலகை பிளந்தது. வெந்த கைகளோடு வெளியே வந்தாள். பூட்டில் கீறல்கூட இல்லை.

முத்திரை பொய் சொல்லவில்லை. வெளியாள் நுழைய முடியாது என்றுதான் அது உறுதி தந்தது. உள்ளிருப்பவர் வெளியேறுவதைப் பற்றி நான்தான் கேட்கவில்லை.

இப்போது பூட்டுக் கடையில், புகைக்குள் இருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, உள்பக்கத்தைத் தடவிச் சாவியில்லாமல் திறந்து பார்க்கிறேன். கடைக்காரர் சிரிப்பார். கூட வரும் மனைவி சிரிப்பதில்லை.