திரை போட்ட ஜீப்

அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் முதன்முதலில் படுத்துப் பார்த்தவள் நான்தான். ஏறிப் படுக்கிற வயதில் அங்கே வேறு பெண்பிள்ளை இல்லை.

திருக்கோகர்ணத்தில் எங்கள் பட்டறை ரோட்டைப் பார்த்து இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்பும். அதுதான் வீடு. யுத்தம் முடிந்து பட்டாளத்து ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தபோது, வாங்கியவர்கள் பலர் என் வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்தருக்கு முயல் வேட்டைக்குக் கூடுதல் விளக்கு வேண்டும். இன்னொருத்தருக்குக் குடும்பத்தோடு பழனிக்குப் போக நீள பெஞ்சு வேண்டும். இரும்பு வேலை, மர வேலை எல்லாம் அவர். தார்ப்பாய் டாப்பு, பக்கத்துத் திரை, மெத்தை உறை தைப்பது நான். ஆண்கள் இருக்கும்போது பட்டறைப் பக்கம் போகமாட்டேன். கூச்சம். அவர் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டுவந்து கொடுப்பார். நீளத்துக்கு ஒரு கயிறு, உயரத்துக்கு ஒரு கயிறு. நான் தைத்த திரைகள் ஊர் ஊராகப் போயின. அவை வண்டியில் எப்படித் தொங்குகின்றன என்று பெரும்பாலும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கடற்கரை ஊரிலிருந்து ஒரு மரைக்காயர் ஜீப் கொண்டுவந்தார். அவருடைய மகளின் முதல் பிரசவம் மாட்டுவண்டியில் நடந்திருக்கிறது. அறந்தாங்கி ரோட்டைப் பிடிக்கும் முன்பே மணலில் சக்கரம் இறங்கிவிட, பிள்ளை வண்டியிலேயே போய்விட்டது. மறுபடி அந்தப் பெண் உண்டானபோது, புதுக்கோட்டை டாக்டரம்மா, மாசம் முட்டுமுன்னே கூட்டிவந்துவிடுங்கள், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், வலி கண்டபிறகு வழியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி மணலில் நிற்காது என்று யாரோ சொல்லி, மரைக்காயர் இதை வாங்கிவிட்டார்.

பட்டாளத்து ஜீப் குட்டை வண்டி. பின்னால் உட்காரலாம், படுக்க முடியாது. என் வீட்டுக்காரர் பின் தகட்டை அறுத்து, ஆங்கிள் இரும்பு போட்டு நீட்டினார். தேக்குப் பலகையில் பெஞ்சு, அதன்மேல் தேங்காய்நார் மெத்தை. குலுக்கல் குறையப் பின்சக்கரத்து வில்லுப்பட்டை அடுக்கு இரண்டிலும் ஒரு பட்டையைக் கழற்றினார். பிடித்துக்கொள்ளத் தோல்வார், ஏறுவதற்குப் படி, தண்ணீர் கேனுக்கு ஒரு கூடு.

மரைக்காயர் கேட்டது ஒன்றுதான். "மேஸ்திரி, எங்க வீட்டுப் பொம்பளைங்க கோஷா. ஏறயில எறங்கயில கால் நகங்கூட வெளிய தெரியப்படாது. திரை நல்லா எறங்கித் தொங்கணும். டிரைவருக்குப் பின்னாலயும் ஒண்ணு."

அதனால் பக்கத்துத் திரையை வண்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்படி தைத்தேன்.

வண்டி எடுக்கும் நாள் காலையில் மரைக்காயர் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "என் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிவிட்டாங்க. ஒரு பொம்பளை படுத்துப் பாத்து, நோகலன்னு சொன்னாத்தான் மகளை ஏத்துவாங்களாம்."

என் மாமியார் ஆலங்குடியிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் வந்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. ஏதோ ஒரு கோயிலில் நேர்ந்துகொண்டு திருநீறு கொண்டுவந்திருந்தார். "நீ போயி ஏறுடி. நான் இந்த வயசுல எங்கிட்டு ஏறுறது?" என்றார்.

நான் ஏறிப் படுத்தேன். திரைகளைச் சுற்றிலும் இழுத்து வாரைப் பூட்டினார் என் வீட்டுக்காரர். உள்ளே இருட்டு. குளத்தூர் ரோட்டில் மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். மெத்தை சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சத் தூரத்துக்குள் நெற்றிப் பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி தொடங்கியது. புதுத் தார்ப்பாய் வாடை, பெட்ரோல் வாடை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வருவதற்குள் தலை இரண்டாகப் பிளந்தது. பட்டறை வாசலில் இறங்கியதும் கால் மடங்கி, பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மாமியார் ஓடிவந்தார். என் கன்னத்தை இரு கையாலும் பிடித்து முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அடி என் தங்கமே! திருநீறு பூசி ஒரு ராப்பொழுதுதானே ஆச்சு! டேய், இங்க வாடா. ஒம் பொண்டாட்டியைப் பாரு!"

"இல்லத்தே, தலைவலிதான்" என்றேன்.

"தலையும் வலிக்கும், காலும் வலிக்கும். ஒனக்கு என்ன தெரியும்? நான் அஞ்சு பெத்தவ."

மரைக்காயர் சிரித்து, "அல்லா கொடுத்தான் மேஸ்திரி. என் மக ஏறப்போற வண்டியில நல்ல சேதி வந்துருச்சு" என்றார். என் வீட்டுக்காரர் கையில் இருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று விடியற்காலையில்தான் நான் வீட்டுக்குத் தூரமாகியிருந்தேன். மாமியார் இல்லாத நாட்களில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒதுங்கி உட்கார்ந்தால் அடுப்பு எரியாது, அவரும் கேட்கமாட்டார். ஆனால் மாமியாருக்கு அது பெரிய குற்றம். வண்டி எடுக்கிற நாளில் எதற்கு ரகளை என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவருக்கு இட்லி அவித்துக் கொடுத்ததும் நான்தான். வண்டிக்குக் குங்குமம் வைத்ததும் நான்தான்.

மாமியார் என்னைப் பாயில் படுக்கவைத்து, "அசையாம கெட" என்று விசிறினார். ராத்திரி என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன்.

அப்போது ரோட்டில் கடற்கரையிலிருந்து வரும் மீன் லாரி வந்து நின்றது. "மரைக்காயரே, ஒங்க மகளுக்கு வலி கண்டுருச்சு! சீக்கிரம் வண்டியக் கொண்டாரச் சொன்னாங்க" என்று டிரைவர் கத்துவது கேட்டது.

வாசலில் எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். ஜீப் இஞ்சின் முடுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மறுபடி குமட்டியது. நான் பிள்ளையால் வாந்தி எடுக்கவில்லை. அப்படியானால் எதனால்? அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தத் திரைக்குள் ஒன்றும் நடக்காமல் நான் இப்படி ஆகியிருக்கமாட்டேன். நான் போய் வந்தது பக்கத்தில் இருக்கிற ரோடு. அந்தப் பெண் அங்கிருந்து புதுக்கோட்டை வரைக்கும் படுத்து வரவேண்டும்.

எழுந்தேன். மாமியார் கையைப் பிடித்தார். "எங்கடி போற?" விடுவித்துக்கொண்டு பட்டறை நடுவே நடந்தேன். லாரியில் வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லாரும் ஆண்கள். வண்டி நகர்ந்துவிட்டது. முன்னால் போய் நின்றேன்.

"என்ன? ஏன் எந்திரிச்ச?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான் முழுகாம இல்லை. இன்னைக்கி வெள்ளனத்தான் தூரமானேன்."

மரைக்காயர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார்.

"அடிப்பாவி!" என்று பின்னாலிருந்து மாமியார் குரல். "அடுப்புல கைய வச்சியேடி! எனக்கு இட்டிலி வச்சியேடி!"

என் வீட்டுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி இறங்கிப் போவதைப் பார்த்தேன். பிறகு வேறு ஆள் மாதிரி கேட்டார். "உள்ள என்ன வாடை அடிச்சுச்சு?"

"பெட்ரோல் வாடைன்னு நெனச்சேன்."

"கண்ணு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

அவர் குனிந்து திரையின் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி இஞ்சினைக் கிளப்பி, அது வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும்படி கையால் இழுத்து வைக்கிற பெட்ரோல் குமிழை இழுத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துத் திரையைப் பூட்டிக்கொண்டார். வெளியே மரைக்காயரின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. திரை விலகி அவர் வெளியே வந்தபோது கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தார்.

"சைலன்சர் குழாய் பக்கவாட்டுல பின்சக்கரத்துக்கு முன்னாடி முடியுது. திரை அதுக்குக் கீழ எறங்கித் தொங்குது. புகை வெளிய போவாம, நான் ஒட்டுப்போட்ட தளத்து இடுக்கு வழியா உள்ள ஏறுது. மகளை இதுல படுக்கவச்சு ஓட்டிருந்தா..." என்றார்.

"அப்ப திரையத் தூக்கிக் கட்டிருவோம்" என்றார் லாரிக்காரர்.

மரைக்காயர் தலையை ஆட்டினார். "நான் சரிம்பேன். அவ உம்மா ஏறவிட மாட்டா. அங்க போயி வாசல்ல நின்னு தர்க்கம் பண்ண நேரமில்ல. மேஸ்திரி, குழாய ஏதாச்சும் செய்யிங்க."

புதுக்குழாய் வாங்க நேரம் இல்லை. டாப்பைத் தாங்கும் வளைவுக் குழாய்களில் ஒன்றை அவர் உருவி, நடுவில் அறுத்தார். வளைந்த பாதியைச் சைலன்சர் முனையில் செருகி, தகரம் சுற்றி, போல்ட் போட்டு முறுக்கி, வண்டியின் பின் மூலையில் புகைபோக்கி மாதிரி மேலே ஏற்றிக் கட்டினார். ஒரு வளைவு போனதால் டாப்பு நடுவில் தொய்ந்தது. நான் உள்ளே தவழ்ந்து, சாக்கைக் கிழித்து ஈரக் களிமண்ணில் புரட்டி, தளத்து இடுக்குகளில் திணித்தேன். அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அது உறைக்கவில்லை.

"நீயும் வா" என்றார் அவர். "உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு முன்னால இருந்து தெரியாது. ஆகலைன்னா வண்டித் தகரத்தத் தட்டு."

"தூரமானவள எங்கிட்டுடா கூட்டிப்போற?" என்றார் மாமியார்.

"வண்டியிலதாம்மா" என்று அவர் ஏறிவிட்டார்.

போகும்போது வாடை தெரியவில்லை. மணலில் அவர் குட்டைக் கம்பியை இழுத்துவிட்டதும் முன்சக்கரமும் சேர்ந்து பிடித்து, வண்டி குதித்துக் குதித்துப் போனது. மரைக்காயர் வீட்டு வாசலில் அந்தப் பெண்ணைத் துணி மறைப்பில் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். என்னைவிடச் சின்னவள். அவளுடைய உம்மா வெள்ளைத் துப்பட்டியோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில். திரைகளை உம்மாவே ஒவ்வொரு வாராகப் பூட்டினார்.

திரும்பும்போது அறந்தாங்கி நெருங்க நெருங்க அந்தப் பெண் அரற்றுவதை நிறுத்திவிட்டாள். "தல கிறுகிறுங்குது உம்மா" என்றாள். கண் செருகியது. வலியா, புகையா? நான் மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். காலையிலிருந்து என் மூக்கில் அந்த வாடை போகவே இல்லை. அதை நம்ப முடியவில்லை. தகரத்தைத் தட்டினால் வண்டி நிற்கும். நின்று குழாயைப் பார்த்துக் கிளம்புவதற்குள் என்ன ஆகுமோ. தட்டாவிட்டால்?

பின்பக்கத் திரையின் வாரைக் கழற்றினேன்.

"என்னம்மா செய்யிற? கடைத்தெரு வருது. மூடு!"

"காத்து வேணும்மா."

"ஊரு பாக்கும். மூடுங்கிறேன்ல!" என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. நான் யாரிடமும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. அப்போதும் பேசவில்லை. திரையை மட்டும் விடவில்லை. சுருட்டி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். காற்று உள்ளே அடித்தது. அந்தப் பெண் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு பெரிதாகக் கத்தினாள்.

அந்தக் கத்தலைக் கேட்டு உம்மா என் கையை விட்டார். எழுந்து, ஆடுகிற வண்டியில் முழங்காலால் நகர்ந்து, திறந்த பக்கம் வந்து வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துப்பட்டியின் இரு முனையையும் கையால் விரித்து, காற்று போகிற அளவு மேலே இடம் விட்டு மறைத்துக்கொண்டார். கடைத்தெரு முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்திருக்கும். புதுக்கோட்டை வரை கையை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்து அவளைக் கொண்டுபோனது. போகும்போது நினைவோடுதான் போனாள். என் வீட்டுக்காரர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு வந்தார். குழாயில் சுற்றிய தகரம் ஒருபக்கம் பிரிந்திருந்ததாம். எங்கே பிரிந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். அவர் நகக்கண்ணில் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

காலையில் பூவரச மரத்தடியில் நின்றதைச் சொல்கிறார் என்று தெரிந்தது.

உள்ளே பிள்ளை அழுதது. மரைக்காயர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு திறந்து உம்மா வெளியே வந்து, "ரெண்டு பேரும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நேரே வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துப்பட்டியைப் பிடித்திருந்த கையை அவரால் இன்னும் மடக்க முடியவில்லை. அதை எடுத்து என் மடியில் வைத்து நீவிவிட்டேன்.