வாய்க்கால் கடைசியில் ஒரு புள்ளி

நற்பிட்டிமுனை வயல் வரம்பில் நின்று, ஊருக்கே அண்ணன் முறையான விவசாயி ராசிக் காக்காவின் பதில்களைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்குப் பளிச்சென்றது: பல்கலைக்கழகத்தில் நாங்கள் கீறிய இடது, வலது என்ற ஒற்றை அரசியல் கோட்டில் இந்த மனிதரை வைக்க முடியாது. உரத்தை அரசாங்கம் மலிவாகத் தரவேண்டும் என்றார், அது இடது. நெல் விலையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்றார், அது வலது. பள்ளிவாசல் நிர்வாகத்தின் பேச்சை ஊர் மீறக் கூடாது, ஆனால் பெண்பிள்ளைகள் எந்த வேலைக்கும் போகலாம் என்றார். ஊர்க் கட்டுப்பாடா, தனிமனித சுதந்திரமா என்று குறுக்கே இன்னொரு கோடு தேவைப்பட்டது.

ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு விவசாயிகளின் அரசியல் நிலைப்பாடு பற்றிய சர்வே. எனக்கு முதல் வேலை. கடைசிக் கேள்வி, காணி யாருக்குச் சேரவேண்டும் என்பது.

ராசிக் காக்கா, ஊரின் பெரிய காணிக்காரரான போடியாரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்பவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு போகத்துக்கும் போடியார் வாயால் சொன்னால்தான் வயல்.

"பேர் போடுவீங்களா தங்கச்சி?"

"இல்ல காக்கா. பேர் எங்கயும் வராது."

"அப்ப எழுதுங்க. பதினாறு வருஷமா செய்யிறன். செய்யிறவனுக்குத்தான் காணி."

வீட்டுக்கு வந்து இரண்டு கோடுகள் கீறிப் புள்ளிகளை வைத்தேன். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர்கள் வலப்பக்கம், தண்ணீர் எட்டாத கடைசியில் இருப்பவர்கள் இடப்பக்கம். அதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அன்று எனக்கு நித்திரையே வரவில்லை. இதைக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் வயல் இருக்கும் இடம், ஏக்கர், சொந்தமா குத்தகையா என்று எழுதினேன். படிவத்தில் இல்லாத விவரங்களை நானாகவே சேர்த்தேன்.

போகத்துக்கு முன் ஊர் விவசாயிகள் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் தொங்கவிட்டேன். இடது ஓரத்தில், செய்பவருக்கே காணி என்று பெரிதாக எழுதியிருந்தேன். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை கிட்டவந்து பார்த்துச் சிரித்தார்.

"கடைசியில ரெண்டு ஏக்கர் குத்தகை எண்டா நம்மட ராசிக்தானே. காணி கேக்கிறாரு போல."

மண்டபம் சிரித்தது. ராசிக் காக்காவும் சிரிக்கப் பார்த்தார். போடியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியை வாசித்தார்.

அந்தப் போகத்துக்கு வயல் வேறொருவருக்குப் போனது.

போடியாரிடம் போனேன். பிளேன்டீ தந்து உபசரித்தார். "எனக்குக் கோவமே இல்ல மகள். அவன்ட கருத்து அவனுக்கு. என்ட காணி எனக்கு."

மேலதிகாரியிடம் சொன்னேன். பெயர் வெளிவரவில்லை, ஆகவே விதிமீறல் இல்லை என்று கோப்பை மூடினார்.

ராசிக் காக்கா இப்போது அறுகம்பேயில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் அறை கூட்டுகிறார். புறப்படும் நாளில் என்னைத்தான் தேற்றினார்: "ஒபிஸ் சொன்னத்த நீங்க செஞ்சீங்க. ஒங்கள்ல என்ன பிழை." நான் மறுக்கவில்லை.

புதிதாகச் சர்வேக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயல்காட்டில் பெயரை மறைத்தால் போதாது. அங்கே வயலே பெயர். ஒருவர் இடதா வலதா என்று கேட்பதற்கு முன், அந்தப் பதிலுக்காக அவரிடமிருந்து எதைப் பறிக்க முடியும், யாரால் பறிக்க முடியும் என்று பாருங்கள்.

அடுத்த கிழமை எனக்குப் பொத்துவிலில் சர்வே. வயல் இடத்தையோ ஏக்கரையோ இந்தமுறை எழுதமாட்டேன். நான் பெருமைப்பட்ட கண்டுபிடிப்பும் அதோடு போயிற்று. வேலை தொடங்குமுன் பக்கத்திலுள்ள அறுகம்பேக்குப் போவேன். அந்த விவரங்களை எழுதச் சொன்னது ஒபிஸ் இல்லை, நான்தான் எழுதினேன் என்று ராசிக் காக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.