இருபது சிலேட்டும் என் பேரும்

போன திங்கட்கிழமை கொட்டாம்பட்டிக்குக் கரி பஸ்ஸில் போனேன்; யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ். மேலூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை. போகிற இடத்தில் எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்வானேன்?

விஷயம் இதுதான். மதுரையில் என்னுடையது சிலேட்டு, காகிதம், மைக்கூடு விற்கிற கடை. ரயிலடியில் மூட்டை தூக்கியவன் முப்பது வயதில் தன் பேரை எழுதப் படித்து, நாற்பதில் சொந்தக் கடை போட்டான் என்றால் சும்மாவா? பத்திரிகையில் வாராவாரம் உங்களுக்கு வருகிற இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்லக் கணக்கப்பிள்ளைதான் எழுதுகிறார். சொல்வது நான்தானே!

கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் சின்ன மிஷன் பள்ளிக்கூடம். எஸ்தர் டீச்சர் ஒருவர்தான் அங்கே எல்லாம். ஐம்பதை நெருங்கும் வயது, தனிக்கட்டை. வருஷா வருஷம் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது என் கடைக்கு வருவார். சிலேட்டு, குச்சி, சாக்பீஸ்... அப்புறம் பக்கத்துக் கடையில் பிள்ளைகள் தலைக்குத் தேங்காயெண்ணெய், சீப்பு, ரிப்பன். எல்லாம் சொந்தக் காசு. அவர் செருப்பைப் பார்த்தால் மூன்று இடத்தில் தையல்.

இந்த வருஷம் இருபது சிலேட்டு எடுத்து வைத்தார். யுத்தகால விலையைச் சொன்னேன். பன்னிரண்டைத் திருப்பி அடுக்கினார்.

“மிச்சப் பிள்ளைகளுக்கு?”

“ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணு...” என்று இழுத்தார். “இந்த வருஷம் மொத்தம் இருபது பொம்பளப் பிள்ளையாவது சேரணும்ணே. இல்லேன்னா பள்ளிக்கூடத்தையே மூடிருவோம்னு மிஷன் மேனேஜர் சொல்லிட்டாரு.”

விடுவேனா?

“இருபதும் என் செலவு. பேசாமப் போங்க டீச்சரம்மா!”

“வேண்டாம்ணே. எப்பவும்போல நானே...”

“நான் குடுத்து வேண்டாம்னு சொன்ன ஆளு மதுரையில இருக்கா?”

பெயிண்டரைக் கூப்பிட்டேன். இருபது சிலேட்டின் மரச்சட்டத்திலும் என் பேரைச் சிவப்பில் எழுதவைத்தேன். பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். பள்ளி திறக்கிற அன்றைக்கு நானும் கிளம்பினேன் — புது வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம்.

போய்ப் பார்த்தால் மாலையைக் காணோம். பிள்ளைகளையும் காணோம்!

வாசலில் சிலேட்டுகள் அடுக்கிக் கிடந்தன. டீச்சர் தரையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சில்லால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். என் பேர்!

அந்த ஊரில் ஒரு வழக்கம். பள்ளி திறப்பதற்கு முன்னால் டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சிலேட்டைக் கொடுப்பார். வீட்டார் வாங்கி உள்ளே வைத்துவிட்டால் பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம். சனிக்கிழமை கொடுத்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் இருபதும் திரும்பி வந்துவிட்டன.

“ஏன்?” என்றேன்.

வேலியோரம் மகளைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு தாய் முந்திக்கொண்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“யாரோ மதுரைச் சவுகாரு பேரு போட்டிருக்காமுல்ல? எங்க மாமனாரு ஒரு சவுகாரு பத்திரத்துல கைநாட்டு வச்சு, இருந்த காடும் போச்சு. பேரு போட்ட சாமானு வீட்டுக்குள்ள வந்தா பின்னாலயே ஆளும் வருவான். டீச்சரு தன் காசுல வாங்கிட்டு வந்தா பயமில்ல. அவுக எங்கள என்ன பண்ணப்போறாக?”

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த எழுத்தை நான் எம்புட்டுப் பாடுபட்டுப் படித்தேன்! திரும்பிப் போய்விடலாமா? ஆனால் அந்தச் சிறுமி சிலேட்டு அடுக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை...

நானும் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜரிகை அங்கவஸ்திரத்தோடு!

பாதி முடிந்தபோது டீச்சர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். “இப்ப எட்டுச் சிலேட்டுக்கு இருக்கு. மிச்சத்த மாசாமாசம் தாரேன். நான் வாங்குனதுன்னு இவுககிட்டச் சொல்லணும். பொய் சொல்ல முடியாதுண்ணே.”

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அவர் கைக்காசு போனால்தான் அந்த ஊருக்கு நம்பிக்கை. என் தாராளத்துக்கு அங்கே ஒரு பிடி மண்ணளவுகூட இடமில்லை.

டீச்சர் மறுபடி வீடு வீடாகப் போனார். மத்தியானத்துக்குள் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேர் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலியோரம் நின்ற சிறுமி சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, “இது யாரு டீச்சரு?” என்றாள்.

“சிலேட்டு விக்கிறவுக.”

உண்மைதானே!

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். எட்டு அறை வீடு, ஒற்றை ஆள். மனைவி போய் ஆறு வருஷம். மகன் பினாங்கில், யுத்தம் அந்தப் பக்கம் திரும்பியதிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. இம்புட்டு நடந்திருக்கிறது... உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

டீச்சரும் அன்றைக்குத் தனியாகத்தான் கதவைச் சாத்தியிருப்பார். ஆனால் விடிந்தால் அவருக்கு இருபது பேர்.

எனக்கு, வாரத்துக்கு ஒரு தடவை, நீங்கள்.