இலையின் இடது பக்கம்

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் கணவரின் முகத்தில் பாதிதான் இருந்தது. மூக்கைப் பார்த்தால் ஒரு கன்னம், ஒரு காது, அவ்வளவுதான். மற்றப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. குமட்டிக்கொண்டு வந்தது. எனாமல் பேசின் ஒன்றை நீட்டினார்கள். அதன் விளிம்பு எங்கே என்று தெரியாமல் போர்வையில் வாந்தி எடுத்தேன்.

பாசாரிலிருந்து மீன் வாங்கித் திரும்புகையில், மோட்டார் காருக்கு ஒதுங்கிய ரிக்‌ஷா குடை சாய்ந்தது. மல்லாந்து விழுந்த எனக்கு லொங்கானின் (தெருவோரச் சாக்கடை) கருங்கல் விளிம்பில் பின்னந்தலை மோதியது. விழுந்தது நினைவில்லை. வாயில் சாக்கடைத் தண்ணீர் போனது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ருசி வெகு காலம் போகவில்லை.

நானும் என் கணவர் சாமிதுரையும் குவீன் ஸ்திரீட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். துறைமுகத்துக் கிராணிகள் (அலுவலகக் கணக்கர்கள்) மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். சமைப்பது நான், பரிமாறுவது அவர்.

வெள்ளைக்கார டாக்டர் என் முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். அவர் சொன்னதைத் தமிழ் டிரஸ்ஸர் (காயம் கட்டுபவர்) எனக்குச் சொன்னார்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்காம்மா. கண்ணு பாக்கறதைப் புரிஞ்சிக்கிற எடம் மூளைக்குப் பின்னால இருக்காம். அதுல வலப்பக்கம் அடி. அதனால ரெண்டு கண்ணுக்கும் எடது பாதி தெரியாது."

"திரும்ப வருமா?"

"சண்டையில மண்டையில குண்டு பட்ட சிப்பாய்ங்களுக்கு இதே மாதிரி தொரை பாத்திருக்காராம். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். தலையைத் திருப்பிப் பாத்துப் பழகணும்னு சொல்றாரு."

நாளைக்கு மழை வரலாம் என்பதுபோல டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருடைய சுத்தமான நகங்களைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் நாத்தனார் அஞ்சலை காத்திருந்தாள். மூளையாவது மண்ணாவது, இடது கண்ணில்தான் கோளாறு என்றாள். பக்கத்து வீட்டில் குழந்தை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து தினமும் என் இடது கண்ணில் விட்டாள். பால் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கும். வெயில் ஏறினால் புளித்து நாறும். ஈ வந்து உட்காரும். உட்காரும் வரை எனக்குத் தெரியாது. இமைமேல் அதன் கால்கள் ஊர்ந்த பிறகே தெரியும். இடது கண்ணை மூடினாலும் வலது கண்ணால் பாதிதான் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

தலைக்காயம் ஆறியது. சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் அடுப்படிக்குத் திரும்பினேன். எல்லாம் முன்போலவே நடப்பதாக எல்லாரும் நினைத்தோம், கோவிந்தராஜு என்ற கிராணி மீன்குழம்புச் சோற்றை ஒரு வாய் மென்று நிறுத்தும் வரை.

அவர் விரலால் வாயிலிருந்து எடுத்தது பாதிக் கரப்பான். மறுபாதி வாய்க்குள் இருந்தது. அடுத்த நொடி இலைமேலேயே வாந்தி எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் என் கண்ணைப் பற்றி அவரிடம் சொன்னார்.

"என்னாக்கா இது! கண்ணு தெரியாதவங்க சமைக்கிற கடையா? சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன்லா!"

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்து கை கழுவினார்கள். நான்தான் பெஞ்சைக் கழுவினேன். கழுவி முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது, "இந்தப் பக்கம் அப்படியே இருக்கு" என்றார் கணவர். இடது பக்கம்.

அதன் பிறகு அவருக்குப் பசிப்பதில்லை. "அப்புறம் சாப்பிடறேன்" என்பார். வெளியே போய் வருவார். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது அவர் விரலில் ஆட்டுக்குழம்பு வாசம் அடித்தது. நாங்கள் கடையில் ஆட்டுக்கறி சமைப்பதில்லை.

"எங்க சாப்பிட்டீங்க?"

வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "முக்குச் சோத்துக்கடையில" என்றார்.

"ஏன்?"

"கோவிச்சுக்காத பாக்கியம். உன் கைச்சோத்தை வாயில வச்சாலே அந்த நெனப்பு வருது. தொண்டையில எறங்கமாட்டேங்குது. நானும் பாத்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அந்த மனிதரையும், அவர் விரல் நுனியில் காய்ந்திருந்த மஞ்சள் எண்ணெயையும், என் கைகளையும் ஒரே அளவில் அருவருத்தேன்.

மறுநாள் டிராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். "திருப்பணும்னு சொன்னீங்களே, எப்படித் திருப்பணும்?" என்று டிரஸ்ஸரிடம் கேட்டேன். அவர் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் இந்த முறை நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தெரிகிற பக்கத்திலிருந்து தேடிப் போகாதே. முதலில் உன் இடது தோள் தெரியும் வரை கழுத்தைத் திருப்பு. அங்கிருந்து மெதுவாக வலப்பக்கம் வா. ஒன்றும் இல்லை என்று தோன்றுகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இதுதான் அவர் கொடுத்த மருந்து.

முறத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கண்ணில் படும் வரை திரும்பி, அங்கிருந்து அரிசியில் கல் பொறுக்கி வந்தேன். சொல்வதற்கு எளிது. தலை சுற்றும், கழுத்து வலிக்கும், முறத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பேன். பாசாரில் இடது கை மீன்குடல் கூடைக்குள் போய்விட்டது. சீனத்து மீன்காரர் கத்தினார். கொழகொழவென்று விரலில் சுற்றியதை உதறிவிட்டு, முதலில் தோளைப் பார்த்தேன், பிறகு கூடையை, பிறகு அவரை. முழுதாகக் கோபப்பட்ட ஒரு முகத்தை அன்று பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு கரண்டியையும் இடது விளிம்பிலிருந்து பார்க்காமல் சட்டியிலிருந்து எடுப்பதில்லை என்றானது. ஒருநாள் ரசச் சட்டியின் ஓரத்தில் ஒரு தலைமயிர் தெரிந்தது. சட்டியோடு கொண்டுபோய் லொங்கானில் ஊற்றினேன். கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடு" என்றார்.

உட்கார்ந்தார். சோற்றை விரலால் கிளறிக் கிளறி, ஒவ்வொரு வாயையும் சோதித்துச் சாப்பிட்டார். கிளறும் அந்த விரலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. ஆனால் அந்த இலை முழுவதையும் நான் பார்த்தேன். அவர் மிச்சம் வைக்கவில்லை. இன்றும் கிளறித்தான் சாப்பிடுகிறார். கோவிந்தராஜு திரும்பி வரவே இல்லை.

இதே துன்பத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன பாதி எனக்கு வரவில்லை. அருவருப்பும் முழுதாகப் போகவில்லை. என் இடது கை திடீரென்று கண்முன் வரும்போது யாருடைய கையோ என்று இன்னமும் உடம்பு கூசுகிறது. பிறகு கட்டைவிரலில் உள்ள தீக்காயத் தழும்பைப் பார்த்து, என்னுடையதுதான் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

முன்பு அறைக்குள் நுழைந்ததுமே அறை முழுதும் தெரிந்துவிடும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்கிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால், "இருங்க, வந்துக்கிட்டிருக்கேன்" என்கிறேன். கால் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. வந்துகொண்டிருப்பது கழுத்து மட்டும்.