மட்கார்டு இல்லாத லேடீஸ் சைக்கிள்

எங்கள் தெருவில் சைக்கிள் வாங்கிய முதல் பெண் நான். இதையெல்லாம் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லக்கூடாதா என்று என் மகள் கேட்பாள். எதற்கு அடக்கம்? எழுபதுகளின் நடுவில், ஆண்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போன மணலில் நான் சேலையோடு ஏறி உட்கார்ந்து மிதித்தேன். சைக்கிளும் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை எனக்கு. நான் பார்க்க வேண்டிய வீடுகள் உப்பளத்துக்கு அந்தப் பக்கமும், அதையும் தாண்டித் தேரிக்காட்டுச் செம்மணலில் பனைகளுக்கு நடுவேயும் சிதறிக் கிடந்தன. அங்கே பஸ் போகாது. அளத்து வரப்பில் ஜீப் ஏறாது. நடந்து போனால் பாதி வீடு பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். புதிதாக வந்த டாக்டரம்மா கண்டிப்பானவர்.

"பாதி ஏரியா பார்த்தா போதாது, சிஸ்டர். ஆடி முடியறதுக்குள்ள சைக்கிள்ல போகப் பழகிக்குங்க. அளத்துக்கு அந்தப் பக்கம் நானே வந்து நின்னு பார்ப்பேன். முடியலேன்னா உங்களை ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாத்திடறேன். அங்கே ரோடு நல்லா இருக்கு" என்றார்.

ஸ்ரீவைகுண்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆறும் வயலுமாகப் பச்சைப்பசேல் என்று இருக்கும் ஊர். ஆனால் என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மாற்றல் வந்தால் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும். புருஷன் கடலில், பெண்டாட்டி ஆற்றங்கரையில், பிள்ளை வேறொரு இடத்தில் என்று ஒரு குடும்பமா?

சைக்கிள் ஓட்டத் தெரியும். பாவாடை கட்டிய வயதில் வாடகை சைக்கிளில் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு கற்றதுதான். எந்தச் சைக்கிளை வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது.

ஆடிக்காற்றுக்குத் தோணிகள் கட்டிக் கிடந்ததால் அவர் வீட்டில் இருந்தார். கடையில் முன்வரிசையில் நின்ற ஒரு பச்சை லேடீஸ் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்குக் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. முழுச் செயின் கவர், டைனமோ விளக்கு, பின்வீலுக்குப் பூப்போட்ட வலை, மெத்தை மாதிரி ஸ்பிரிங் சீட்டு.

"ஏளா, மாதா சப்பரம் மாதிரில்லா நிக்கி!"

"சப்பரத்த யாரு மணல்ல இழுக்கது? நீங்களா?" என்றேன்.

"பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் குடுக்க வக்கில்லன்னு தெருவே பேசும்ளா."

தெரு பேசட்டும். தெருவா வந்து வரப்பில் மிதிக்கப் போகிறது? ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்தேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு வகை. அவரையும் கூட நடக்க வைத்து அளத்துக்கும் தேரிக்கும் கொண்டுபோனேன். அவர் காட்டிய பச்சை வண்டியைப் போலவே ஒன்று வாடகைக் கடையில் இருந்தது. அளத்தின் ஈரக்களி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு பின்வீல் சுற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத் தேரிக்குப் போனால் செயின் கவருக்குள் மணல் புகுந்து கரகரவென்று அரைத்தது. மெல்லிய டயர் மணலில் புதைந்தது. அந்த ஸ்பிரிங் சீட்டு இருக்கிறதே, மேடு பள்ளத்தில் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் கைப்பிடி என் பேச்சைக் கேட்கவே இல்லை. இவர் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தார்.

மூட்டை ஏற்றுகிறவர்களின் லோடு சைக்கிள் மட்டும் மணலில் நன்றாகப் போயிற்று. தடித்த டயர். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் புதையாமல் ஏறியது. ஆனால் அதற்கு நடுவில் பார் உண்டு. சேலை கட்டிக்கொண்டு அந்தப் பாரைத் தாண்டி ஏறினால் நான் போய்ச் சேருவதற்கு முன்னால் என் மானம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதனால் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போய் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். பிரேம் லேடீஸ் சைக்கிளுடையது. வீலும் டயரும் லோடு சைக்கிளுடையது. மட்கார்டு, செயின் கவர், டைனமோ எதுவும் கிடையாது. சீட்டுக்கு ஸ்பிரிங் ஆகாது. கெட்டியான கேரியர் மட்டும் கட்டாயம்.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சைக்கிள்ல என்னதான் வேணுங்கிய, தங்கச்சி?"

"நான் ஏறி உக்காரணும், அது போவணும்."

"பட்டுச்சேல கட்டிப் பூட்ஸ் போட்ட மாதிரில்லா இருக்கும். அந்த டயரு இந்தப் பிரேம்ல ஒரசும்."

"மட்கார்டக் கழத்திட்டு மாட்டிப் பாருங்க அண்ணாச்சி. ஒரசினா நான் பச்ச வண்டியவே எடுத்துக்கிடுதேன்."

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணாச்சி முனகிக்கொண்டே மாட்டினார். நான் வீலைச் சுற்றிவிட்டேன். எங்கும் உரசாமல் சுற்றியது. ஒரு விரல் இடைவெளிகூட இருந்தது. திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். கடைக்கு வெளியே ரோட்டில் போய் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு நாள் என் சைக்கிள் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் கொல்லையில் உட்கார்ந்து நூலை முடிந்துகொண்டிருந்தார். என் சேலை பின்வீலில் மாட்டாமல் இருக்க, கேரியரிலிருந்து அச்சுவரைக்கும் கட்டுவதற்கு ஒரு வலை! கடை வலை எல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அவரை அதோடு நிறுத்தச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா வருவதாகச் சொன்ன அன்று காலையில் வாசலுக்கு வந்தால் குப்பென்று நாற்றம். சைக்கிளுக்குக் கீழே மூன்று பூனைகள். படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை எடுத்து வண்டி முழுக்கப் பூசியிருந்தார்.

"உப்புக் காத்துக்கு இத விட்டா வேற மருந்து கெடையாது" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

திட்டுவதற்கு நேரமில்லை. சீட்டையும் கைப்பிடியையும் துடைத்தேன், மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டினேன், கிளம்பினேன். பிரேக் கட்டை பிடிக்கிற ரிம்மிலும் எண்ணெய் இருக்கும் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வரப்பில் ஏறும்வரை பிரேக்குக்கு வேலை வரவில்லை. ஆடிக்காற்று முதுகில் அடித்துத் தள்ளியது. வண்டி பறந்தது. தூரத்தில் ஜீப்பும், அதன் பக்கத்தில் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டும் தெரிந்தன. அப்போதுதான் எதிரே உப்புக் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். பிரேக்கைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தினேன், ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பாத்தியில் உப்புத் தண்ணீர். அதில் விழுந்தால் மருந்தும் போச்சு, வேலையும் போச்சு.

"பிரேக் இல்ல! வெலகுங்க!" என்று கத்தினேன். அவர்கள் கூடையோடு வரப்பின் ஓரத்தில் ஒதுங்க, நான் நடுவில் பாய்ந்து, வரப்பு முடிகிற இடத்தில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தில் நேராகக் கொண்டுபோய் விட்டேன். முன்வீல் பாதிக்கு உள்ளே போய்ச் சொருகிக்கொண்டு நின்றது. நான் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.

டாக்டரம்மா ஓடி வந்தார். முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு புட்டிகூட உடையவில்லை. பிறகு அளத்துப் பெண்கள் சேர்ந்து வண்டியை வெளியே இழுத்தார்கள். நான் முன்வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். கோணல் மாணல் இல்லாமல் சுற்றியது. அந்தப் பச்சை வண்டியாக இருந்திருந்தால் அப்பளமாக நொறுங்கியிருக்கும். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது.

"என்ன சிஸ்டர் இது, மீன் வாடை?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கண்டிப்பான அம்மா சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். "பிரேக் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. நீங்க இங்கேயே இருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ரிம்மை விடாமல் துடைத்தார். ஆனால் மறுநாள் படகுத் துறையில் அவர் சொன்ன கதையே வேறு. "அம்பாரத்துல போயி மோதியும் வீலு வளையலல்லா. எப்படி வளையும்? சுறா எண்ணெ போட்டது யாரு?" போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்து காற்று அடங்கியதும் தோணி கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அவர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சைக்கிளை எடுத்தேன். என்னையும் பார்த்தார், தெருவையும் பார்த்தார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தெருவே வாசலுக்கு வந்தது. "ஏலே, பொண்டாட்டி மிதிக்க நீ பின்னால உக்காந்து போறியே!" என்று ஒருவர் கத்தினார்.

"ஒனக்கு மிதிக்க ஆளு இருந்தா நீயும் போலே!" என்று இவர் திருப்பிக் கத்தினார். எனக்குச் சிரிப்பில் கைப்பிடி ஆடியது.

துறையில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கேரியராளா இது? வெறும் கட்ட. கொழும்பு போற வரைக்கும் வலிக்கும்" என்றார். ஏணிவரை போனவர் திரும்பி வந்தார்.

"நான் வாரன்னிக்கி இதத்தான் கொண்டுட்டு வரணும், என்ன?"

கொண்டுபோனேன். அவர் கடலில் இருந்த வருஷமெல்லாம், தோணி கரைக்கு வந்த ஒவ்வொரு தடவையும், முன்னால் ஒரு கூடை மாட்டி, மகள் வளரும்வரை அவளையும் அதில் உட்காரவைத்துக்கொண்டு நான்தான் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன்.