பெயர் சொன்னால்தான் ஓடுவோம்

சுலோஜனா அக்காவின் குரலைக் கேட்டுப் பயந்து ஓடியவர்களில் சுலோஜனா அக்காவும் ஒருவர். இதைச் சொன்னால் எங்கள் கடலோர ஊரான உப்புவெளிக்கு வெளியே யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் பக்கத்தில் நின்றவன். என் ஓட்டோவின் கூரையில்தான் அவருடைய இரண்டு ஒலிபெருக்கிகளும் கட்டியிருக்கின்றன.

முதலில் அக்கா யார் என்று சொல்லவேண்டும். யார் வீட்டில் சாவு, எந்தக் கோயிலில் கொடியேற்றம், எந்தப் பக்கம் நாளைக்குத் தண்ணீர் வெட்டு என்று ஊருக்குச் சொல்வது அவருடைய தொழில். நான், ஸுஹைர், ஓட்டோவை மெதுவாக உருட்டுவேன். அக்கா பின்சீற்றில் மைக்கோடு இருப்பார். செத்தவீட்டுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறார், கடை திறப்புவிழாவுக்கு இன்னொன்று. ஒருநாள் களைப்பில் இரண்டையும் மாற்றிவிட்டார். புதிய கோழிக்கடையை அவர் அறிவித்த சோகத்தைக் கேட்டு, கடை முதலாளி ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

அந்தக் குரலை ஊர் கேட்கத் தொடங்கியது கோழிக்கடையில் இல்லை. 2004இல் சுனாமி அடித்த கிழமை, பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை ஓர் ஆசிரியர் ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார். பாதியில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற குமர்ப்பெண்ணிடம் மைக்கைக் கொடுத்தார். இன்னாருடைய மகள் இன்னார் இந்த முகாமில் இருக்கிறார் என்று அந்தப் பெண் நாள் முழுக்கச் சொன்னாள். தன் ஆட்களின் பெயர் அந்தக் குரலில் வராதா என்று காத்துக்கிடந்த ஊர் இது.

குலசிங்கம் அண்ணையும் அங்கேதான் இருந்தார். அலை வந்த காலை அவர் ஆழ்கடலில் நின்றவர். படகுக்குக் கீழே அது போனதே அவருக்குத் தெரியவில்லை. கரைக்கு வந்தபோது வீடும் இல்லை, மனைவியும் இரண்டு மகள்மாரும் இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டார். அவர் கேட்க விரும்பிய பெயர்கள் வரவேயில்லை. ஆனாலும் இன்றைக்கும் எங்கள் ஓட்டோ போனால் முதலில் ரேடியோவை நிறுத்துகிற மனிதர் அவர்தான்.

இப்போது எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது. சிலர் கணினிக் குரலுக்குப் போய்விட்டார்கள். அது சாவையும் சேலை மலிவு விற்பனையையும் ஒரே மாதிரி வாசிக்கும். அக்கா இதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. நல்ல போன் ஒன்று வாங்கினார். அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு பேசிப் பதிவுசெய்வார். அங்கே எதிரொலி இல்லையாம். இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தவன் அவருடைய தம்பி நிருபன். விருந்தினர் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. மிச்ச நேரத்தில் குறும்படம் எடுப்பான். அவனுடைய படங்களில் ஒருவன் தேத்தண்ணி குடித்தாலும் பின்னால் வயலின் அழும்.

சில மாதங்களுக்கு முன்னர் மாவட்டத்தில் சுனாமி ஒத்திகை ஒன்று வைத்தார்கள். ஆபத்து வந்தால் ஊரை எச்சரிக்கிற அனர்த்தப் பிரிவின் ஐயா, அக்காவின் குரல் வேண்டுமென்று கேட்டு வந்தார். அக்கா அலுமாரிக்குள் போய்ப் பேசினார். "இது ஒத்திகை. கடல் ஊருக்குள் வருகிறது. எதையும் எடுக்கவேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடுங்கள். இது ஒத்திகை." கேட்ட ஐயாவுக்கே மயிர் கூச்செறிந்தது. "இதைப் பத்திரமா வைச்சிருப்பம். உண்மையாத் தேவைப்பட்டாலும் உதவும்" என்றார். அந்தக் கடைசி வசனம்தான் பிறகு எங்களைப் போட்டு வாட்டியது.

கடந்த மார்கழி, நினைவுநாளுக்கு முதல் நாள் காலை. மழை விட்டிருந்தது, வாடைக் கடல் இரைந்துகொண்டிருந்தது. மறுநாள் கடற்கரையில் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தை அறிவிக்க, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் ஓட்டோவை நிறுத்தியிருந்தேன். அக்கா இன்னும் மைக்கையே தொடவில்லை.

தேத்தண்ணிக் கடைக்குள் ஒரு போன் அக்காவின் குரலில் பேசியது. கடல் ஊருக்குள் வருகிறது.

பிறகு வேறொரு போன். பிறகு எதிர் வீட்டிலிருந்து. கடைக்காரர் கொதிக்கிற கேத்தலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஒழுங்கைக்குள்ளிருந்து சனம் கத்திக்கொண்டு வந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. "எடு தம்பி, கெதியா எடு" என்றார். எடுத்தேன்.

எங்கள் வாடகை வீடு கடலுக்குக் கிட்ட இருக்கிறது. மனைவி நிப்லாவும் மகள் அசனாவும் வீட்டில். ஓட்டோவைத் திருப்பப் பார்த்தேன். ஏலாது. பின்னால் வந்த சனமும் மோட்டார்சைக்கிள்களும் எங்களைத் தள்ளிக்கொண்டு பிரதான வீதிக்கே கொண்டுவந்துவிட்டன. நிப்லாவுக்கு அழைத்தால் லைன் போகவில்லை. ஊரே ஒரே நேரத்தில் போனை அழுத்தினால் எப்படிப் போகும்!

சந்திக்கு அப்பால் சின்னப் பாலம். எல்லோரும் அதைத் தாண்டித்தான் மேட்டுப்பக்கம் போகவேண்டும். அதற்குள் ஒரு லொறியும் பஸ்ஸும் நேருக்கு நேர் சிக்கி நின்றன. இடைவெளியில் சனம் நெரிந்தது. ஒரு பெண் விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மேலால் காலெடுத்து வைத்துப் போவதை என் கண்ணால் கண்டேன்.

"நிப்பாட்டு" என்றார் அக்கா. "ஸுஹைர், நான் இண்டைக்கு ஒண்டும் பேசேல்லை. அது ஒத்திகைக்குப் பேசினது."

"அப்ப பொய்யா?"

"தெரியாது. தேவைப்பட்டால் பாவிப்பம் எண்டு அந்த ஐயா சொன்னவரெல்லோ. உண்மையா வந்து, அவையள்தான் அதைப் போட்டிருந்தால்?"

அனர்த்தப் பிரிவுக்கு அழைத்தார். லைன் இல்லை. மறுபடியும் இல்லை. கடற்கரை எச்சரிக்கைக் கோபுரத்தின் சங்கு ஊதியதா என்று இந்த இரைச்சலில் தெரியவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ அக்கா! அங்க சனம் மிதிபட்டுச் சாகுது."

"நில்லுங்கோ எண்டு சொல்லி, பிறகு கடல் வந்தால்?" அவர் சனத்தைக் காட்டினார். "நான் சொன்னனான் எண்டுதானே சனம் நிக்கும். அவ்வளவு பேரையும் நானெல்லோ சாகடிச்சதாகும்."

பாலத்தில் சனம் இன்னும் நெரிந்தது. எந்தப் பக்கம் தவறினாலும் உயிர்தான் போகும். என் பிள்ளை எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

அக்கா தன் போனைத் திறந்தார். அவருக்கும் யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். காதில் வைத்தார், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் மழைக்கோட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சீற்றில் குனிந்தார். அலுமாரிக்குள் போவது போலத்தான். நான் வெளியே நின்று கடவுளைக் கூப்பிட்டேன். மழைக்கோட்டுக்குள்ளிருந்து அவர் மூன்றாம் தரமும் அதைப் போட்டுக் கேட்பது தெரிந்தது. பிறகு தலையை வெளியே எடுத்தார்.

"வயலின் கேக்குது" என்றார்.

"என்னது?"

"பின்னால மெல்லிசா வயலின் போகுது. எந்த அரசாங்கக் கந்தோர் வயலின் வாசிச்சு எச்சரிக்கை விடும்?"

அந்த நேரம் பார்த்து மோட்டார்சைக்கிளில் வந்து நின்றான் நிருபன். தலைக்கவசம் இல்லை, ஒரு காலில் செருப்பும் இல்லை. "அக்கா, ஏறு! கடல் வருதாம்!"

"ஆர் சொன்னது?"

"நீதானே அறிவிச்சனியாம்! விடுதியில எல்லாரும் ஓடுதுகள்."

"வயலின் போட்டது ஆர்?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு விக்கி விக்கிச் சொன்னான். நினைவுநாளுக்கென்று காலையில் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். பழைய படங்கள், அக்காவின் போனில் இருந்த ஒத்திகைக் குரல், வயலின். யாரோ படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்து அனுப்பியிருக்க வேண்டும்.

"ஒத்திகை எண்டு நான் சொன்னது எங்கை?"

"வெட்டிப்போட்டன். அது இருந்தால் பாக்கிற ஆளுக்கு உணர்ச்சி வராது அக்கா."

விசரன்! தான் செய்த படத்துக்குத் தானே பயந்து ஓடிவந்திருக்கிறான். எனக்குக் கை உயர்ந்துவிட்டது. அக்கா அவனைப் பார்க்கவேயில்லை. பக்கத்து ஒழுங்கை முடிவில் தெரிந்த கடலைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், இரைந்துகொண்டு, தன் இடத்திலேயே கிடந்தது. கந்தோர் லைன் இன்னும் கிடைக்கவில்லை. அவர் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் நில்லுங்கள். நான் சுலோஜனா பேசுகிறேன். கடல் வரவில்லை. போனில் வந்தது ஒத்திகைக்குப் பேசியது."

ஒருவரும் நிற்கவில்லை. "ரெக்கோர்டிங்கைப் போட்டுச் சனத்தைச் சாகடிக்கிறாங்கள்!" என்று ஒருவன் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு போனான். அவனைப் பிழை சொல்லவும் முடியாது. ஓடு என்றதும் அதே குரல், நில் என்பதும் அதே குரல். உயிர்மேல் ஆசையுள்ளவன் ஓடு என்றதைத்தான் நம்புவான்.

அக்கா மைக்கை இறக்கினார். கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்தார். பிறகு மறுபடி எடுத்தபோது, அது செத்தவீட்டுக் குரலும் இல்லை, கடைக் குரலும் இல்லை. வேலிக்கு மேலால் அயல்வீட்டை ஏசுகிற குரல்.

"குலசிங்கம் அண்ணை! கிளிக்கூட்டை மற்றக் கையில பிடியுங்கோ! சாரம் அவிழப்போகுது!"

கூட்டத்தின் நடுவே குலசிங்கம் அண்ணை நின்றார். கிளிக்கூட்டை நெஞ்சோடு அணைத்தபடி குனிந்து தன் இடுப்புச் சாரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"கமலாதேவி மாமி, உங்களைத்தான்! அந்தக் கோழியை ஏன் கழுத்தில பிடிச்சிருக்கிறீங்கள்? செத்துப்போகும், விடுங்கோ! சிவரூபன், தலையில தலகாணியோட நிக்கிறாய், மனிசி எங்கையடா?"

ஒவ்வொருவராக நின்றார்கள். நின்றவன் பின்னால் வந்தவனை மறித்தான். யாரோ சிரித்தார்கள், யாரோ ஓவென்று அழுதார்கள். அக்கா நிறுத்தவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கையில் இருப்பதைச் சொன்னார், உடுத்திருப்பதைச் சொன்னார். பாலத்தில் நெரிசல் தளர்ந்தது. விழுந்தவளைத் தூக்கி நிறுத்தினார்கள். காலை இழுத்தபடி என்றாலும் நடந்தாள்.

"நிப்லா! பிள்ளையின்ர ஒரு செருப்பு விழுந்துட்டுது. பரவாயில்லை, இஞ்சால வா. ஸுஹைர் இஞ்சதான் நிக்கிறான்!"

நான் அவர்களைக் காணவேயில்லை. அக்கா கண்டுவிட்டார். சனத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய் அசனாவை வாங்கினேன். வெட்கமில்லாமல் அழுதேன். நிப்லா என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "வீட்டுக்கு வராம இஞ்ச ஓட்டோவக் காத்துக்கிட்டா நிக்கிறீங்க?"

கனநேரத்துக்குப் பிறகு கந்தோர் லைன் கிடைத்தது. நிலநடுக்கமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா மைக்கைக் கீழே வைத்தார். "தெரிஞ்சு சொல்லேல்லை தம்பி" என்றார். "ஒரு வயலினை நம்பித்தான் அவ்வளவு சனத்தையும் நிப்பாட்டினனான்."

மறுநாள் கடற்கரையில் விளக்கேற்றினோம். நிருபன் வீடியோவை அழித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். சிலர் ஏசினார்கள். வழக்கம்போல அக்கா இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். தன் மனைவியின் பெயரும் மகள்மாரின் பெயர்களும் வந்தபோது குலசிங்கம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். வாசித்து முடிந்ததும் எழும்பினார்.

"பிள்ளை, நேற்று நான் உன்ர குரலைக் கேட்டு நிக்கேல்லை. என்ர சாரம் அவிழுறதை நீ கண்டாய் எண்டுதான் நிண்டனான்" என்றார். "இனிப் போனில என்ன வந்தாலும் நாங்கள் ஓடமாட்டம். நீ நேர வந்து பேர் சொன்னால்தான் ஓடுவம்."

ஓம், ஓம் என்று கூட்டம் சொன்னது.

அக்கா பதறிப்போனார். "விசர்க் கதை கதைக்காதேயுங்கோ அண்ணை. எனக்காகக் காத்திருக்கக் கூடாது. கடற்கரை எச்சரிக்கைக் கோபுரத்தில சங்கு ஊதினால் ஓடவேணும்."

"கோபுரத்துக்கு என்ர பேர் தெரியுமோ?"

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. வாசித்து முடித்த கடதாசியைக் கையில் கசக்கியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"சரி" என்றார். "வாறன்."

திரும்பி வரும்போது நான் கணக்குப் போட்டேன். மனதுக்குள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க்கொண்டிருந்தேன். கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். ஊர் முழுக்க மேட்டைப் பார்த்து ஓடிவரும்போது, ஒரு வாகனம் மட்டும் கடலைப் பார்த்துப் போகவேண்டும்.

"அக்கா, நீங்கள் ஓட்டோ ஓடப் பழகினால் என்ன?" என்று கேட்டேன்.

"மைக்கை ஆர் பிடிக்கிறது?" என்றார் அக்கா. பகிடிக்குச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அக்கா கொடுத்த வாக்கை நிப்லாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கத்துவாள், உம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கறியை ஊற்றி, சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல எங்கட ஒழுங்கைக்கு வாங்க" என்றாள். "புள்ளைட பேரைச் சொல்லச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு போங்க."